ஏழு கிலோவுக்கு மேலே: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை என்.சி. வீதியில் 22 வருடம் விமான டிக்கெட் போடும் கடை வைத்திருந்தவள் என்பதால் இந்தப் பக்கத்துக்குப் பயணக் கேள்விகள் வருவது வழக்கம். இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மனக்குறைதான்: "மலிவு என்று டிக்கெட் எடுத்தோம், போகப் போக எல்லாவற்றுக்கும் காசு கேட்டார்கள்." ஆகவே இந்த முறை முழு இடத்தையும் அதற்கே விட்டிருக்கிறேன்.

*

கேள்வி: அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னை போக வேண்டியிருந்தது. மகன் இணையத்தில் தேடி மிக மலிவான டிக்கெட் எடுத்தான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் எங்கள் 2 சூட்கேஸுக்கும் தனியாகக் காசு கேட்டார்கள். கட்டிய தொகை கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட். உள்ளே அம்மா குளிசை போடத் தண்ணீர் கேட்டார், அதற்கும் விலை. இது பகல் கொள்ளை இல்லையா? சட்டம் கேட்காதா?
— வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் நியாயமானது. ஆனால் சட்டத்தைப் பற்றிச் சொல்லும் முன், மகன் வாங்கியது என்ன என்று பார்ப்போம். அவன் வாங்கியது ஓர் இருக்கையும், அந்த இருக்கையோடு 7 கிலோ கைப்பையும். அவ்வளவுதான். நம் தலைமுறைக்கு "டிக்கெட்" என்றால் சூட்கேஸ், சாப்பாடு, ஜன்னலோரம் கேட்டால் ஜன்னலோரம் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தக் காலத்து டிக்கெட்டைக் கழற்றித் துண்டு துண்டாக விற்பதுதான் இந்த நிறுவனங்களின் வியாபாரம்.

ஐரோப்பாவில் ரயன்எயார் என்ற மலிவு விமான நிறுவனம் 2006 இல் சூட்கேஸுக்குத் தனி விலை போட்டது. 2008 இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கன் எயார்லைன்ஸ் முதல் சூட்கேஸுக்கே 15 டொலர் கேட்கத் தொடங்கியது. அது மலிவு விமானம் அல்ல, பெரிய பழைய நிறுவனம். அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். 2010 இல் ஸ்பிரிட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு படி மேலே போய், தலைக்கு மேல் தட்டில் வைக்கும் கைப்பைக்கும் காசு என்றது. "பொதி இலவசம்" என்பதையே பெருமையாகச் சொல்லி வந்த சௌத்வெஸ்ட்கூட 2025 மே மாதத்தோடு அதை விட்டுவிட்டது. ஆக, உங்களுக்கு நடந்தது ஒரு கவுண்டர்க்காரரின் அடாவடி இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான் ஆகிவிட்டது.

இனிச் சட்டம். பொதிக்குக் காசு வாங்கக் கூடாது என்று பொதுவான தடை கிடையாது. விலையை மறைக்கக் கூடாது என்பதில்தான் சட்டம் பிடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டு விதிப்படி, தவிர்க்க முடியாத எல்லா வரியும் கட்டணமும் சேர்ந்த முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். காப்புறுதி, இருக்கைத் தெரிவு போன்றவற்றுக்கு முன்கூட்டியே "சரி" அடையாளம் போட்டு வைக்கக் கூடாது. நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் ஒன்றை முதலில் பாருங்கள். மகனின் மின்னஞ்சலுக்கு வந்த டிக்கெட்டில் "பொதி: 0 கிலோ" என்று எங்காவது இருக்கிறதா? இருந்தால் உங்கள் பக்கம் பலமில்லை. இல்லையென்றால் அந்தத் தாளையும் கவுண்டரில் கொடுத்த பற்றுச்சீட்டையும் சேர்த்து எழுதிப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குச் சமாதானமே இல்லை. விமானத்துக்குள் காற்று அவ்வளவு உலர்ந்தது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. நம் ஊரில் ஆடி மாதக் கச்சான் காற்றில்கூட உதடு அப்படிக் காய்வதில்லை. கண் சிகிச்சைக்குப் போகும் ஒரு வயதான அம்மா குளிசை போட அரைக் கோப்பை தண்ணீர் கேட்டால் கொடுப்பது வியாபாரத்தில் சேராது. வீட்டு வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட நாம் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்கிறோம். அடுத்த முறை வெறும் போத்தல் ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். 100 மில்லிலீற்றருக்கு மேல் நீர் நிரப்பிய போத்தலைத்தான் பாதுகாப்புச் சோதனையில் எடுப்பார்கள், வெறும் போத்தலை விடுவார்கள். உள்ளே போனதும் நிரப்பிக்கொள்ளலாம். விமானத்தில் "போத்தல் வேண்டாம், மருந்து போட ஒரு கோப்பை தண்ணீர்" என்று கேளுங்கள். பல பணிப்பெண்கள் முகம் பார்த்துத் தருவார்கள்.

*

கேள்வி: மகன் சாரதி வேலைக்கு வளைகுடா போகிறான். ஏஜென்ற் இரண்டு டிக்கெட் காட்டினார். ஒன்று மிக மலிவு, மற்றது விலை கூட. மலிவானதை எடுத்தால் லாபம்தானே?
— வாசகர், கிண்ணியா

பதில்: நானா, லாபமா இல்லையா என்பதை ஏஜென்ற் சொல்லக் கூடாது, நீங்கள் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு நானே ஒரு கணக்குப் போடுகிறேன். தொகைகள் விளக்கத்துக்காக மட்டும்.

மலிவு டிக்கெட் 42,000 ரூபாய். மகன் இரண்டு வருடத்துக்குப் போகிறான், 30 கிலோ இல்லாமல் வீட்டில் விடுவீர்களா? அதற்கு 18,000. இருக்கை 2,000. சாப்பாடு 2,500. மொத்தம் 64,500. மற்ற டிக்கெட் 61,000, அதற்குள்ளேயே 30 கிலோவும் சாப்பாடும் அடக்கம். இங்கே விலை கூடியதுதான் மலிவு. ஆனால் அதே மகன் விடுமுறை முடிந்து வெறும் தோள்பையோடு திரும்புகிறான் என்றால் 42,000 டிக்கெட்தான் சரி. எந்த விமானம் மலிவு என்பதைப் போகும் ஆளின் சாமான்தான் முடிவு செய்கிறது.

பொதியை வாங்குவதென்றால் டிக்கெட் போடும்போதே வாங்குங்கள். அதே 20 கிலோ இணையத்தில் ஒரு விலை, கவுண்டரில் கூடிய விலை, விமான வாசலில் அதைவிடக் கூடிய விலை. பல இடங்களில் கவுண்டரில் கார்ட் மட்டும்தான் எடுப்பார்கள். நம் பிள்ளைகள் சட்டைப்பையில் காசோடு போய் நின்று தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். போகவர இரண்டு வழிக்கும் பொதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். போகும்போது இருந்து, வரும்போது இல்லாமல் போன கதை எத்தனையோ.

இன்னொன்று, நானா. சில ஏஜென்ற்மார் இரண்டு வேறு நிறுவனங்களின் தனித்தனி மலிவு டிக்கெட்டை ஒட்டவைத்துத் தருவார்கள். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பெடுக்காது. நடுவில் இறங்கிப் பொதியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். முதல் தடவை வெளிநாடு போகும் பிள்ளையை அப்படி அனுப்பாதீர்கள்.

*

கேள்வி: விமானத்தில் கழிப்பறைக்கும் காசு எடுக்கப் போகிறார்களாமே, உண்மையா?
— மாணவி, மூதூர்

பதில்: 2009 இல் ரயன்எயாரின் தலைவர் மைக்கேல் ஓ'லியரி அப்படி ஒரு யோசனையைச் சொன்னார். உலகமெல்லாம் செய்தியானது. நடைமுறைக்கு வரவில்லை. பயப்பட வேண்டாம், மகள்.

*

கேள்வி: மகளுக்கு லண்டனில் இருக்கும் என் தம்பி டிக்கெட் போட்டார். கடவுச்சீட்டில் முழுப்பெயர், டிக்கெட்டில் அப்பா பெயருக்கு முதலெழுத்து மட்டும். திருத்தக் கேட்டால் பெரிய தொகை சொல்கிறார்கள். ஒரு பெயருக்கா இவ்வளவு?
— வாசகி, தம்பலகாமம்

பதில்: என் கடையில் அதிகம் கண்ணீர் விழுந்தது பொதியால் அல்ல, பெயரால். தமிழ்ப் பெயருக்கும் டிக்கெட் படிவத்துக்கும் ஒத்து வருவதேயில்லை. படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். அதை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம். போதாததற்கு ஆங்கில எழுத்து. சிவகாமியின் 'வ'வுக்கு 'வி'யா 'டபிள்யூ'வா, தர்ஷினியின் 'த'வுக்கு 'டி'யா 'டி எச்'சா என்பது பிறப்புச் சான்றிதழ் எழுதிய பதிவாளரின் கையில் இருந்தது. லண்டனில் இருக்கும் மாமா தான் கூப்பிடும் ஓசையை வைத்து எழுதுகிறார், விமான நிறுவனம் அதைப் புதிய ஆள் என்று எண்ணுகிறது.

பெயர் மாற்றத்துக்குப் பெரிய கட்டணம் வைப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம், மலிவாக நிறைய டிக்கெட் வாங்கி வேறு ஆட்களுக்கு விற்பதைத் தடுப்பது. அது சரியான காரணம். ஆனால் ஓரெழுத்துப் பிழையும் ஆள் மாற்றமும் ஒன்றல்ல, இந்த வேறுபாட்டைப் பல நிறுவனங்கள் தங்கள் விதியிலேயே ஒத்துக்கொள்கின்றன. எழுத்துப் பிழைத் திருத்தம், பெயர் மாற்றம் என்று இரண்டு தனிப் பிரிவு இருக்கும். தம்பியை "மாற்றம்" என்ற சொல்லைப் பாவிக்காமல் "எழுத்துத் திருத்தம்" என்று கேட்கச் சொல்லுங்கள், கடவுச்சீட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். டிக்கெட் போட்ட அன்றே கவனித்தால் இலவசமாகத் திருத்தித் தரும் நிறுவனங்களும் உண்டு.

இனிமேல் யாருக்கு டிக்கெட் போடுவதானாலும் பெயரை வாயால் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில், அடியில், அம்புக்குறி போன்ற அடையாளங்கள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். விமான நிலைய இயந்திரம் வாசிப்பது அதைத்தான். முதல் வரியில் நாட்டின் குறியீட்டை அடுத்துக் குடும்பப் பெயர் நிற்கும், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு மற்றப் பெயர்கள். அந்தப் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பி, "இதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து" என்று சொல்லிவிடுங்கள்.

*

கேள்வி: நான் வருடத்துக்கு மூன்று தடவை ஒரு தோள்பையோடு பறக்கிறவன். பக்கத்து இருக்கைக்காரரின் 40 கிலோவுக்கு நான் ஏன் பங்கு கட்ட வேண்டும்? எடுக்கிறவன் கட்டுவதுதான் நியாயம். நீங்கள் போன இதழில் இந்த நிறுவனங்களைக் குறை சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.
— வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, நேராக எழுதியதற்கு நன்றி. உங்கள் வாதத்தில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கிலோவும் எரிபொருள் குடிக்கிறது. பொதியை ஏற்ற ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஒரு விமானம் தரையில் நிற்கும் நிமிடம் குறையக் குறைய அன்றைக்கு இன்னொரு தடவை பறக்க முடியும். ரயன்எயார் இறங்கி 25 நிமிடத்தில் மறுபடி புறப்பட முயல்வது அதனால்தான். 2001 இல் டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட் கொடுத்து, கடனோடு வாங்கிய மலேசியாவின் எயார்ஏசியாவும், 2003 இல் ஷார்ஜாவிலிருந்து பறக்கத் தொடங்கிய ஏர் அரேபியாவும் இந்த வழியில்தான் எழுந்தன. அவை இல்லாவிட்டால் நம் ஊரில் எத்தனையோ பேர் விமானத்தைச் சீனன்குடாவுக்கு மேலே பறக்கும்போது பார்த்ததோடு சரி. இதை நான் மறுக்க மாட்டேன்.

என் மனம் ஒத்துக்கொள்ளாத இடம் வேறு. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2018 இல் என் கடையில் டிக்கெட் எடுத்த ஏழெட்டுப் பேரோடு நானும் இந்தியாவுக்கு யாத்திரை போனேன். அதில் திருக்கடலூரிலிருந்து ஒரு பாட்டி. அவருக்கு யாத்திரை ஒரு சாட்டுத்தான், போனது தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருக்கும் மகளைப் பார்க்க. பேரனை அதுவரை கண்டதில்லை. கட்டுநாயக்க கவுண்டரில் அவருடைய பையைத் தராசில் வைத்தார்கள். 9.4 என்று சிவப்பு எழுத்தில் விழுந்தது. 7 தான் விடுவோம் என்றார்கள். காசைக் கட்டலாம், ஆனால் கார்ட்டில். பாட்டியிடம் இருந்தது கைக்குட்டையில் சுற்றிய தாள்கள்.

அவர் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தியிருந்து பையைத் திறந்தார். கடதாசியிலும் பொலித்தீனிலும் மாறி மாறிச் சுற்றிய கருவாட்டு மணம் எழும்பியது. பின்னால் நின்ற வரிசை முழுதும் பார்க்கிறது. ஒரு கிலோ மிளகாய்த்தூள், இரண்டு குட்டான் பனங்கட்டி, பேரனுக்கு ஒரு சட்டை, தனக்கு ஒரு மாற்றுச் சேலை. சேலையை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். மிளகாய்த்தூளைப் பக்கத்தில் நிலம் கூட்டிக்கொண்டு நின்ற பெண்ணிடம் இரண்டு கையாலும் நீட்டினார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். மறுபடி வைத்தால் 7.6. கருவாட்டை மட்டும் விடமாட்டேன் என்று பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் கார்ட்டைக் கொடுத்தேன்.

அந்தப் பிழையில் பாதி என்னுடையது. டிக்கெட்டை விற்றது நான். 7 கிலோ என்று அதில் சின்ன எழுத்தில் இருந்தது, அதைப் பாட்டிக்கு வாசித்துச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துக் கடைக்கு வந்து, அந்தத் தொகையை 100 ரூபாய்த் தாள்களாக மேசையில் எண்ணி வைத்தார். வேண்டாம் என்று சொன்னால் அவர் மனம் நோகும், வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து கடையை மூடும்வரை ஒவ்வொரு டிக்கெட்டிலும் கிலோவைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, வாயாலும் சொல்லித்தான் கொடுத்தேன்.

நான் கேட்பது அவ்வளவுதான், தம்பி. எடுக்கிறவன் கட்டட்டும். ஆனால் என்ன கட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்படி சொல்லிவிட்டுக் கேட்கட்டும். இன்றைக்கு நடப்பது பல இடங்களில் அதற்கு நேர்மாறு. 2024 நவம்பரில் அமெரிக்க செனட்டின் உபகுழு ஒன்று வெளியிட்ட அறிக்கையில், ஸ்பிரிட், ஃப்ரொன்டியர் என்ற இரண்டு நிறுவனங்கள் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வாசலில் பை பிடிக்கும் ஊழியர்களுக்கும் மற்றவர்களுக்கும் 2 கோடி 60 லட்சம் டொலர் ஊக்கத்தொகை கொடுத்தது வந்திருக்கிறது. ரயன்எயார், அளவு மீறிய ஒரு பையைப் பிடித்தால் ஊழியருக்குக் கொடுக்கும் தொகையை 2025 நவம்பரில் ஒன்றரை யூரோவிலிருந்து இரண்டரை யூரோவாக ஏற்றியது. பயணி தவறுவதில் வருமானம் வைத்துவிட்டால், தவறாமல் இருக்க யார் உதவி செய்வார்கள்?

உங்கள் தோள்பைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2014 இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயின் நிறுவனம் ஒன்றின் வழக்கில், நியாயமான எடையிலும் அளவிலும் உள்ள கைப்பை பயணத்துக்குத் தவிர்க்க முடியாதது, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று சொன்னது. "நியாயமான அளவு" எது என்பதில்தான் இன்றுவரை சண்டை. ஸ்பெயின் அரசு 2024 இல் 5 மலிவு விமான நிறுவனங்களுக்கு 17 கோடி 90 லட்சம் யூரோ அபராதம் போட்டது, நிறுவனங்கள் அதை எதிர்த்து நிற்கின்றன. இன்றைக்கு உங்கள் பை இலவசம். நாளைக்கும் அப்படியே இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: 5 வயது மகனோடு பறக்கப் போகிறேன். பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் காசு கட்டு என்று கணினி சொல்கிறது. கட்டாவிட்டால் பிள்ளையை வேறு வரிசையில் போட்டுவிடுவார்களா?
— வாசகி, அலஸ்தோட்டம்

பதில்: இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 இல், 12 வயது வரையான பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவருக்காவது பக்கத்தில் இருத்த வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே இந்திய விமானத்தில் போனால் தைரியமாகக் கேளுங்கள். மற்ற நிறுவனங்களில் விதி வேறுபடும். சிலவற்றில் பெரியவர் தன் இருக்கைக்குக் கட்டினால் பிள்ளையின் இருக்கை இலவசம்.

காசு கட்டாமல் போவதென்றால் வீட்டிலிருந்தே, செக்-இன் திறந்தவுடனேயே போட்டுவிடுங்கள். பிந்தப் பிந்த ஒற்றை இருக்கைகள்தான் மிஞ்சும். அப்படியும் பிரித்துப் போட்டால் கவுண்டரில் பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள். விமானத்துக்குள் ஏறிய பிறகு ஆட்களிடம் இடம் மாறச் சொல்லிக் கெஞ்சும் நிலைக்கு விடாதீர்கள். 5 வயதுப் பிள்ளை தாயின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை ஒரு கூடுதல் வசதி என்று பெயரிட்டு விலைப்பட்டியலில் போட்டவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

*

கேள்வி: எனக்கு 71 வயது, முழங்கால் வருத்தம். சக்கர நாற்காலி கேட்டால் அதற்கும் மலிவு விமானத்தில் காசு எடுப்பார்களோ என்று பயந்து இரண்டு தடவை பயணத்தைத் தள்ளிப் போட்டேன்.
— வாசகி, சாம்பல்தீவு

பதில்: அக்கா, இனித் தள்ளிப் போடாதீர்கள். ஐரோப்பாவில் 2006 ஆம் ஆண்டின் விதிப்படி நடக்க முடியாதவருக்கு விமான நிலையத்தில் செய்யும் உதவிக்குக் காசு வாங்கக் கூடாது. மலிவு விமானம், விலை கூடிய விமானம் என்ற பேதம் அதில் இல்லை. என் 22 வருடத்தில் கட்டுநாயக்கவிலிருந்து நான் அனுப்பிய எவரிடமும் நாற்காலிக்குக் காசு கேட்டதில்லை.

டிக்கெட் போடும்போதே சொல்லி, டிக்கெட்டில் அதைப் பதியச் சொல்லுங்கள். ஆகக் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் தெரிய வேண்டும். படி ஏற முடியுமா, தட்டையான நிலத்தில் மட்டும் நடக்க முடியுமா என்று கேட்பார்கள். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். மலிவு விமானங்கள் பல இடங்களில் பாலம் இல்லாமல் படிக்கட்டில்தான் ஏற்றும். படி முடியாது என்று முன்பே சொன்னால்தான் தூக்கி ஏற்றும் வண்டி வரும்.

திருகோணமலையிலிருந்து இரவில் வான் வண்டியில் வெளிக்கிட்டால் கால் வீங்கியிருக்கும். புறப்படும் நேரத்துக்கு 3 மணித்தியாலம் முன்னதாகவே போய், உங்கள் முழங்கால் மருந்தைச் சூட்கேஸில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் முதலில் நாற்காலியைக் கேளுங்கள். பையைப் பிறகு நிறுக்கட்டும்.